தோற்கும் கட்சியின் ரசிகன்

ஜெயிக்கிற கட்சிக்கு ரசிகனாக இருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. பந்தியில் பாயசம் வருகிற நேரம் பார்த்து இலையில் உட்காருவதைப் போன்ற காரியம் அது. தோற்றுக்கொண்டிருக்கும் கட்சிக்கு ரசிகனாக இருந்து, ஐந்து பந்தயங்கள் கொண்ட தொடரில் முதல் இரண்டையும் பறிகொடுத்துவிட்டு, மூன்றாவது பந்தயத்தன்று காலையில் ரேடியோப் பெட்டியின் காதைப் பிடித்துத் திருகுகிறானே, அவனைப் பற்றித்தான் எழுதவேண்டும். சரித்திர ஆசிரியர்கள் அவனை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ரன்களையும் விக்கெட்டுகளையும் எண்ணி வைக்கிற புத்தகங்களிலும் அவனுக்கு ஒரு வரி கிடையாது.

1974-ஆம் வருஷம் டிசம்பர் 15-ஆம் தேதி மாலை அவனுடைய நிலைமை என்னவென்று பார்ப்போம். அன்று தில்லியில், பெரோஸ்ஷா கோட்லா மைதானத்தில், மேற்கிந்தியத் தீவுகளின் கட்சி இந்தியாவை ஓர் இன்னிங்ஸும் 17 ரன்னும் வித்தியாசத்தில் தோற்கடித்தது. நாம் இரண்டு தடவை ஆடி 220-ம் 256-ம் எடுத்தோம். அவர்கள் ஒரே தடவை ஆடி 493 எடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த 493-ல் 192 ரன்களை, கடைசிவரை ஆட்டம் இழக்காமல், 22 வயது வாலிபர் ஒருவர் எடுத்திருந்தார். விவியன் ரிச்சர்ட்ஸ் என்று பெயர். மூன்று வாரத்துக்கு முன்னால் பெங்களூரில்தான் அவர் டெஸ்ட் ஆட்டத்துக்கே வந்தார். அங்கே 4-ம் 3-ம் எடுத்து இரண்டு முறையும் சந்திரசேகரின் பந்துக்கு இரையானபோது, 'இந்தப் பையன் தேறமாட்டான்' என்று நம் ஊர்த் திண்ணைகளில் தீர்ப்புக்கூடச் சொல்லியாகிவிட்டது!

பெங்களூர்க் கதையும் சுகமில்லை. நவம்பர் 22-ஆம் தேதி தொடங்கிய அந்தப் பந்தயத்தில் 267 ரன் வித்தியாசத்தில் தோற்றோம். அவர்கள் தலைவர் கிளைவ் லாயிட் 163 அடித்தார். கிரீனிட்ஜ் என்ற இன்னொரு புது ஆள் 93-ம் 107-ம் அடித்தார். நம் தலைவர் பட்டோடியும் விக்கெட் காப்பாளர் எஞ்சினியரும் காயம்பட்டு, இரண்டாவது இன்னிங்ஸில் மட்டை பிடிக்கவே வரவில்லை. மிஞ்சியிருந்தவர்கள் 118-ல் சுருண்டார்கள். தில்லிப் பந்தயத்துக்குப் பட்டோடியும் இல்லை, கவாஸ்கரும் இல்லை. ஆகவே தலைமைப் பொறுப்பு நம் சென்னைக்காரரான வெங்கட்ராகவனிடம் வந்தது. தமிழ்நாட்டு ரசிகன் மார்பை நிமிர்த்திக்கொண்டு ரேடியோவைத் திறந்தான். ஐந்தாம் நாள் தலையைக் குனிந்துகொண்டு மூடினான். அடுத்த பந்தயத்துக்குப் பதினொருவர் பட்டியல் வந்தபோது, போன பந்தயத்தின் தலைவருக்கு அதில் இடமே இல்லை. கிரிக்கெட் நிர்வாகம் செய்த விந்தைகளில் இதற்கு ஓர் உயர்ந்த ஸ்தானம் கொடுக்கலாம்.

இரண்டுக்கு சைபர். இந்தத் தோல்வி ஏன் அப்படி வலித்தது என்றால், அதற்கு மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பெரிய சந்தோஷம் இருந்தது. 1971-ல் அஜித் வாடேகரின் தலைமையில் நம்மவர்கள் மேற்கிந்தியத் தீவுகளுக்கே போய் அவர்களை ஜெயித்தார்கள். அதே வருஷம் இங்கிலாந்துக்குப் போய் வெள்ளைக்காரனையும் அவனுடைய வீட்டிலேயே ஜெயித்தார்கள். அதுவரை தோற்றுப் பழகியவன், முதல் தடவையாக ஜெயித்துப் பழகினான். பிறகு 1974 ஜூன் மாதம் வந்தது. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நம் கட்சி முழுவதும் 42 ரன்னில் ஆட்டம் இழந்தது. மூன்று பந்தயங்களிலும் தோற்று ஊர் திரும்பியது. வாடேகர் ஆட்டத்திலிருந்தே விலகிக்கொண்டார். '1971-ல் நடந்தது தெய்வச் செயலா, தற்செயலா?' என்ற சந்தேகம் ரசிகனின் மனத்தில் புழுவாகக் குடைய ஆரம்பித்தது. பெங்களூரும் தில்லியும் அந்தப் புழுவுக்குத் தீனி போட்டன.

(இந்த 42 என்ற எண் நமக்கு 46 வருஷம் மாறாத களங்கமாக இருந்தது. 2020 டிசம்பரில் அடிலெய்டில் 36 எடுத்து அதையும் மிஞ்சினோம். அந்தத் தொடரையே பின்னால் 2-1 என்று ஜெயித்தோம் என்பது வேறு விஷயம்.)

அந்த 1974-ஆம் வருஷமே பொதுவாக யாருக்கும் நல்ல வருஷமாக இருக்கவில்லை. விலைவாசி, ஏறிய ஏணியை விட்டு இறங்க மறுத்தது. மே மாதத்தில் நாடு முழுவதும் ரயில்வே வேலைநிறுத்தம் மூன்று வாரம் நடந்து, ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் சிறைக்குப் போனார்கள், வேலை இழந்தார்கள். மதுரையோ ரயிலை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த ஊர். இப்படிப்பட்ட வருஷத்தில், சம்பந்தா சம்பந்தம் இல்லாமல், எங்கேயோ தில்லியில் பதினொரு பேர் ஆடிய ஆட்டம் தோற்றுவிட்டது என்று ஒருவன் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிவைக்கிறான் என்றால் சிரிக்கத் தோன்றும். ஆனால் அரிசி விலையைப் பற்றி அவன் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. கிரிக்கெட்டைப் பற்றியும் அவன் செய்யக்கூடியது ஒன்றும் இல்லைதான். இருந்தாலும் இதிலாவது அடுத்த பந்தயம் என்று ஒன்று இருக்கிறதே!

தில்லிக்குப் பிறகு ரசிகர்கள் மூன்று வகையாகப் பிரிந்தார்கள். முதல் வகை, 'எனக்கு அப்பவே தெரியும்' வகை. இவர்களுக்கு எல்லாம் எப்போதும் அப்பவே தெரிந்திருக்கும். இரண்டாவது வகை சபதம் செய்கிறவர்கள். 'இனிமே கிரிக்கெட்டுன்னு ஒரு வார்த்தை என் வாயில வராதுண்ணே' என்று டீக்கடை வாசலில் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தியம் செய்வார்கள். அடுத்த பந்தயத்தன்று அந்த டீக்கடையில் பெஞ்சு பிடிக்க முதலில் வருகிறவரும் அவராகத்தான் இருப்பார். மூன்றாவது வகை ஒன்றும் பேசாமல் பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுகிறவர்கள். இன்னும் மூன்று பந்தயம். மூன்றையும் ஜெயித்தால் மூன்றுக்கு இரண்டு. அப்படி நடந்தது உண்டா?

உண்டு. ஒரே ஒரு தடவை. 1936-37-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போன இங்கிலாந்துக் கட்சி பிரிஸ்பேனிலும் சிட்னியிலும் முதல் இரண்டு பந்தயங்களை ஜெயித்தது. ஆஸ்திரேலியாவின் புதுத் தலைவரான பிராட்மனைப் பற்றி ஊரெல்லாம் முணுமுணுத்தது. அவர் மெல்போர்னில் 270, அடிலெய்டில் 212, மறுபடியும் மெல்போர்னில் 169 எடுத்து மூன்றையும் ஜெயித்துக் கொடுத்தார். ஐந்து டெஸ்ட் தொடரில் இரண்டுக்கு சைபர் என்று பின்தங்கி, பிறகு தொடரையே வென்ற கட்சி இன்றுவரைக்கும் அது ஒன்றுதான். பென்சில்காரர்களுக்கு இந்த ஒரு உதாரணம் போதும். லட்சத்தில் ஒருவனுக்கு லாட்டரி விழுந்தது என்று தெரிந்தால் மற்றவர்கள் சீட்டு வாங்காமல் இருக்கிறார்களா?

இதைவிட நெருங்கிய ஆறுதல் ஒன்றும் கைவசம் இருந்தது. 1972-73-ல் இங்கிலாந்துக் கட்சி இங்கே வந்தபோது தில்லியில் தோற்றோம். உடனே கல்கத்தாவில் 28 ரன்னில் ஜெயித்தோம். அப்புறம் சென்னையில், பொங்கல் சமயத்தில், நான்கு விக்கெட்டில் ஜெயித்தோம். தொடரே நம்முடையது ஆயிற்று. இப்போதும் தில்லிக்கு அடுத்தது கல்கத்தா, அதற்கு அடுத்தது பொங்கலுக்குச் சென்னை! அதே வரிசை. இன்னும் பழைய ஆட்களுக்கு 1952 பிப்ரவரி ஞாபகம் இருந்தது. இங்கிலாந்தின் மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலமான செய்தி வந்தது அந்தச் சேப்பாக்கம் பந்தயத்தின் நடுவில்தான். முந்தின பந்தயத்தில் கான்பூரில் தோற்றுவிட்டு வந்த இந்தியா, வினு மன்கட் எடுத்த 12 விக்கெட்டுகளால் ஓர் இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசத்தில் ஜெயித்துத் தொடரைச் சமன் செய்தது. டெஸ்ட் ஆட ஆரம்பித்து இருபது வருஷம் கழித்து இந்தியா பெற்ற முதல் வெற்றி அது. ஆக, நாம் முதன் முதலில் ஜெயித்ததே பின்தங்கியிருந்தபோதுதான். ஜெயித்த இடமும் சேப்பாக்கம்.

மதுரைக்காரனுக்கு இந்த மாதிரி நம்பிக்கை இயற்கையாகவே கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். அவன் ஊரின் சரித்திரம் அப்படி. மூன்றாம் குலோத்துங்க சோழன் மதுரைமேல் படையெடுத்து வந்து, பாண்டியர்களின் முடிசூட்டு மண்டபத்தை இடித்துத் தள்ளி, கழுதை பூட்டி உழுது, வரகு விதைத்துவிட்டுப் போனான். குலசேகர பாண்டியன் அடங்கிக் கிடந்தான். இதையெல்லாம் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த அவன் தம்பி சுந்தர பாண்டியன் 1216-ல் பட்டத்துக்கு வந்தான். நேரே சோழ நாட்டுக்குள் புகுந்து தஞ்சாவூரையும் உறையூரையும் கொளுத்தினான். அங்கேயும் கழுதை, அங்கேயும் ஏர்! சோழர்களின் ஆயிரத்தளி மண்டபத்திலேயே வீராபிஷேகம் செய்துகொண்டு, பிறகு பெரிய மனசோடு சோணாட்டைத் திருப்பிக் கொடுத்து, 'சோணாடு வழங்கியருளிய' என்று பட்டமும் போட்டுக்கொண்டான். முதல் இன்னிங்ஸில் வாங்கிய அடியை வட்டியோடு இரண்டாவது இன்னிங்ஸில் கொடுத்த ஊர் இது. எரிந்த ஊர்களில் இருந்த ஜனங்களுக்கு அது ஆட்டமாக இருந்திருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரித்திரம் போதாது என்றால் புராணம் இருக்கிறது. திருவிளையாடலில் தண்ணீர்ப் பந்தல் வைத்த படலம் என்று ஒன்று. ராஜேந்திர பாண்டியனை அவன் தம்பி சோழனோடு சேர்ந்துகொண்டு வந்து எதிர்க்கிறான். வெயிலோ கொளுத்துகிறது. பாண்டியன் படைக்கு ஆள் குறைவு. அப்போது சொக்கநாதரே அந்தப் படையின் நடுவில் தண்ணீர்ப் பந்தல் போட்டு உட்கார்ந்து, தாகத்தால் தவித்த பாண்டிய வீரர்களுக்குத் தண்ணீர் வார்க்கிறார். அவர்கள் தெம்பாக எழுந்து ஜெயித்துவிடுகிறார்கள். கிரிக்கெட்டில் தண்ணீர் இடைவேளை முடிந்ததும் எதிர்க் கட்சிக்கு விக்கெட் விழுந்தால் மதுரைக்காரன் ஆச்சரியப்படாததற்குக் காரணம் இதுதானோ என்னவோ!

மதுரையில் அப்போது பந்தயத்தைப் பார்க்க வழியில்லை, கேட்கத்தான் வழி. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் திறந்ததே 1975 ஆகஸ்டு 15-ல்தான். மதுரைக்கென்று சொந்தமாக வானொலி நிலையம் வர 1987 ஆயிற்று. ரேடியோப் பெட்டி வைத்திருக்கத் தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்கவேண்டிய காலம் அது. பிலிப்ஸ், மர்பி, புஷ் என்று பெயர் தாங்கிய பெட்டிகள் வீட்டுக்குள் உயர்ந்த பலகையில், குரோஷா பின்னிய துணி போர்த்தி, பூஜைப் பொருள் மாதிரி வீற்றிருக்கும். டிரான்ஸிஸ்டர் வந்த பிறகுதான் அது கீழே இறங்கி, கடை வாசலுக்கும் ஆபீசு மேஜைக்கும் வயல் வரப்புக்கும் வந்தது. பெரிய பெட்டியில் செய்தி கேட்பார்கள். சின்னப் பெட்டியில் கிரிக்கெட் கேட்பார்கள்.

வர்ணனை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாறி மாறி வரும். டவுன்ஹால் ரோட்டிலோ சிம்மக்கல்லிலோ ஒரு கடை வாசலில் முப்பது பேர் நின்று கேட்டால், அவர்களில் அந்த வேகத்தில் ஓடுகிற ஆங்கிலத்தைப் பிடிக்கக்கூடியவர் நாலைந்து பேர் இருப்பார்கள். மற்றவர்களுக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. ஆட்டக்காரர் பெயரும், எண்களும், 'போல்டு', 'காட்ச்', 'அவுட்' என்ற மூன்று சொற்களும் தெரிந்தால் போதும். பாக்கியை ஜனங்களின் இரைச்சல் சொல்லிவிடும். இரைச்சல் மெல்ல எழுந்து நீண்டால் பந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது. திடீரென்று வெடித்தால் எதிர்க் கட்சி விக்கெட். ஒன்றுமே கேட்காமல் ஒரு கணம் மௌனமாகிவிட்டால் அடி வயிற்றில் சொரேல் என்னும். நம் ஆள் போய்விட்டான். வானொலி அலை சில சமயம் மங்கிக் கரகரவென்று இழுக்கும். அது எப்போதும் முக்கியமான பந்தின்போதுதான் நடக்கும். டிரான்ஸிஸ்டர்காரர் பெட்டியைக் கிழக்கே திருப்பி, மேற்கே திருப்பி, தலைக்குமேல் தூக்கிப் பிடிப்பார். முப்பது தலைகளும் கூடவே திரும்பும்.

நடுவில் வந்து சேருகிறவர்கள் எண்ணிக்கையைக்கூட முதலில் கேட்பதில்லை. அந்த வருஷம் அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

"விசுவநாத் இருக்காராண்ணே?"

குண்டப்பா விசுவநாத் கன்னட நாட்டுக்காரர். குள்ளமான உருவம். 1969-ல் கான்பூரில் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் சைபரும், இரண்டாவதில் 137-ம் எடுத்து விநோதமாக ஆரம்பித்தவர். வேகப் பந்தை வலது பக்கமாக வெட்டி அடிப்பதில் அவருக்கு நிகர் இல்லை என்பார்கள். அதை மதுரையில் பார்த்தவர் குறைவு. ஆனால் பத்திரிகைப் படங்களை வைத்துக்கொண்டு வைகை மணலில் அதே மாதிரி வெட்டிப் பார்த்த சிறுவர்கள் அநேகம். எதிரே பந்து வீசியவரோ ஆண்டி ராபர்ட்ஸ். அதிகம் பேசாத, சிரிக்காத மனிதர். பவுன்சர் என்று தலைக்கு நேராக எழும்பும் பந்தை இரண்டு வேகத்தில் போடுவார். முதலாவதைப் பார்த்து ஏமாந்து இரண்டாவதில் அகப்பட்டுக்கொள்வார்கள். அந்த ஐந்து பந்தயங்களில் அவர் எடுத்த விக்கெட் 32.

டிசம்பர் 27-ல் கல்கத்தாப் பந்தயம் ஆரம்பித்தது. பட்டோடி திரும்பி வந்திருந்தார். வந்த அன்றே ராபர்ட்ஸின் பந்து அவர் தாடையில் தாக்கியது. வெளியே போய் வைத்தியம் செய்துகொண்டு மறுபடி வந்து ஆடினார். நாம் 233, அவர்கள் 240. இரண்டாவது இன்னிங்ஸில் விசுவநாத் 139 எடுத்தார், எஞ்சினியர் 61. மொத்தம் 316. அவர்கள் ஜெயிக்க 310 வேண்டும். 1975-ஆம் வருஷம் பிறந்த முதல் நாள், சந்திரசேகரின் பந்து லாயிடின் விக்கெட்டைச் சாய்த்தது. பேடி மற்றவர்களைச் சுருட்டினார். 85 ரன்னில் ஜெயித்தோம். இரண்டுக்கு ஒன்று. சபதம் செய்தவர்கள் சபதத்தை வாபஸ் வாங்க புது வருஷப் பிறப்பைவிட நல்ல நாள் கிடைக்குமா?

அடுத்தது சென்னை. ஜனவரி 11, சனிக்கிழமை. வசதி உள்ளவர்கள் மீட்டர் கேஜ் தண்டவாளத்தில் இரவு முழுக்க ஓடும் பாண்டியன் எக்ஸ்பிரஸைப் பிடித்து எழும்பூருக்குப் போனார்கள். மற்றவர்கள் வெள்ளை அடிப்பதையும் பானை வாங்குவதையும் டிரான்ஸிஸ்டரைத் தோளில் வைத்துக்கொண்டே செய்தார்கள். செய்த வேலை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஏனென்றால் அன்று ராபர்ட்ஸ் பிரளயமாக வந்தார். 76 ரன்னில் ஆறு விக்கெட்டுகள் போயின. 117-ல் எட்டு.

"விசுவநாத் இருக்காராண்ணே?"

"அவரு மட்டுந்தான்ப்பா இருக்காரு."

இந்த இடத்தில்தான் தோற்கும் கட்சி ரசிகனின் நம்பிக்கை எப்படிப்பட்டது என்று தெரிகிறது. அது பெரிய நம்பிக்கை அல்ல. பெங்களூருக்கு முன்னால் தொடரை ஜெயிப்போம் என்று நம்பினான். தில்லிக்குப் பிறகு ஒரு பந்தயமாவது ஜெயிப்போம் என்று நம்பினான். இப்போது அதையும் விட்டுவிட்டு, இந்த மனிதர் இந்த ஓவரைத் தாண்டிவிட வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறான். இப்படிச் சுருங்கிச் சுருங்கி ஓர் ஆளின் மட்டை முனையில் வந்து நிற்கிற நம்பிக்கையை உடைப்பது கஷ்டம். உடைய அதில் ஒன்றும் பாக்கி இல்லை. அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். 2004-ல் பாஸ்டன் நகரத்துக் கட்சி ஏழு பந்தயத் தொடரில் நியூயார்க்கிடம் முதல் மூன்றையும் தோற்றுவிட்டது. மூன்றாவதில் 19-க்கு 8 என்று சொந்த ஊரிலேயே அவமானம். நாலாவதிலும் கடைசிக் கட்டத்தில் ஒன்று குறைவாக இருந்தபோது, அந்த ஊர் ரசிகர்கள் தொடரைப் பற்றி நினைக்கவில்லை. ஒரே ஓர் ஓட்டக்காரர் முதல் தளத்திலிருந்து இரண்டாவது தளத்தைத் திருட்டு ஓட்டமாக ஓடிப் பிடிப்பாரா என்று மட்டும் பார்த்தார்கள். அவர் பிடித்தார். அங்கிருந்து நாலு பந்தயங்களையும் ஜெயித்து, அப்புறம் 86 வருஷமாகக் கிட்டாத சாம்பியன் பட்டத்தையும் அடைந்தார்கள். தளத்தைத் திருடியவரின் பெயர் டேவ் ராபர்ட்ஸ்! பாஸ்டனுக்கு வாய்த்த ராபர்ட்ஸ் அப்படி. நமக்கு வாய்த்த ராபர்ட்ஸ் இப்படி.

சேப்பாக்கத்துக்குத் திரும்புவோம். ஒன்பதாவது விக்கெட்டுக்கு பேடி வந்தார். பந்து வீசுவதில் சித்தர். மட்டை பிடிப்பதில் சாமானியர். அவர் 14 எடுத்தார். இருவரும் சேர்ந்து 52 சேர்த்தார்கள். அவரும் போனதும் சந்திரசேகர் வந்தார். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் வலக்கை மெலிந்தவர். அந்தக் கையாலேயே உலகத்தை மயக்கும் பந்து வீசியவர். மட்டை விஷயத்தில் மட்டும் சரஸ்வதி கடாட்சம் கிடையாது. தம் ஆயுளில் டெஸ்டில் எடுத்தது 242 விக்கெட், 167 ரன். அவரை ஒரு முனையில் நிறுத்திவைத்து, பந்துகளைத் தாமே வாங்கிக்கொண்டு, ராபர்ட்ஸை இப்படியும் அப்படியும் வெட்டியும் திருப்பியும் விரட்டி, விசுவநாத் மேலும் 21 ரன்கள் சேர்ந்துவிடச் செய்தார். நூறுக்கு மூன்று பாக்கி இருந்தபோது ராபர்ட்ஸின் பந்து சந்திரசேகரின் மட்டையைத் தடவிக்கொண்டு போயிற்று. 190-ல் ஆட்டம் முடிந்தது. அந்த 190-ல் விசுவநாத் ஆட்டம் இழக்காமல் 97. சந்திரசேகர் 1. ராபர்ட்ஸுக்கு 64 ரன்னில் ஏழு விக்கெட்.

நூறு ஆகவில்லையே என்று அன்று வருந்தினவர்கள் உண்டு. எனக்கு அது நூறு ஆகாததே சரி என்று படுகிறது. விசுவநாத் அடித்த நூறுகள் பதினான்கு. அவற்றைக் கிரமமாகச் சொல்லக்கூடியவர்கள் எங்கோ இரண்டொருவர் இருக்கலாம். இந்தத் தொண்ணூற்றேழைச் சொல்லாதவர் இல்லை.

மிச்சம் பிரசன்னாவின் வேலை. முதல் தடவை 70 ரன்னுக்கு ஐந்து பேர். அவர்கள் 192, நமக்கு இரண்டு ரன் மட்டும் அதிகம். இரண்டாவது தடவை அன்ஷுமன் கெய்க்வாட் பிடிவாதமாக நின்று 80 எடுத்தார், விசுவநாத் 46. மறுபடியும் ராபர்ட்ஸ் ஐந்து விக்கெட். 255 எடுத்தால் ஜெயிக்கலாம் என்று வந்தவர்களைப் பிரசன்னாவும் பேடியும் 154-ல் அடக்கிவிட்டார்கள். நூறு ரன் வித்தியாசம். இரண்டுக்கு இரண்டு. பந்தயம் முடிந்த தேதி ஜனவரி 15. அன்று மாட்டுப் பொங்கல்.

மாட்டுப் பொங்கலன்று வழக்கப்படி பாலமேட்டில் ஜல்லிக்கட்டு. மறுநாள் அலங்காநல்லூர். அந்தக் களத்தில் தொடர் கிடையாது, இரண்டாவது இன்னிங்ஸ் கிடையாது. வாடிவாசலைத் தாண்டிக் காளை வெளியே பாய்ந்தால், திமிலைப் பிடித்தாயா இல்லையா என்பது கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். அப்படிப்பட்ட வீர விளையாட்டில் ஊறிய பூமி, நாலைந்து நாள் இழுக்கிற இந்த வெள்ளைக்காரன் ஆட்டத்தில் எப்படிப் பொறுமையாக உட்கார்ந்தது என்று சிலர் கேட்பதுண்டு. காளைக்குச் சொந்தக்காரனைக் கேட்டால் பதில் சொல்லுவான். அந்த ஒரு கணத்துக்காக வருஷம் முழுக்கப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வைத்து, போன வருஷம் பிடிபட்ட காளையை இந்த வருஷம் மறுபடி ஓட்டிக்கொண்டு வருகிறானே, அவனும் தோற்றுப்போன கட்சிக்காரன்தான்.

ஐந்தாவது பந்தயம் பம்பாயில், புதிதாகக் கட்டிய வாங்கடே மைதானத்தில், ஜனவரி 23 முதல். தொடரைத் தீர்மானிக்க வேண்டியிருந்ததால் ஆறு நாள். கவாஸ்கரும் திரும்பி வந்துவிட்டார். பிராட்மனுக்குப் பிறகு நாம்தான் என்று பென்சில்காரர்கள் எழுதியே வைத்துவிட்டார்கள். அங்கே லாயிட் 242 எடுத்து ஆட்டம் இழக்காமல் நின்றார். அவர்கள் ஆறு விக்கெட்டுக்கு 604. அவரைப் பாராட்ட மைதானத்துக்குள் ஓடிய ஒரு ரசிகரைப் போலீசார் அடிக்க, கூட்டம் கலவரம் செய்தது. சோல்கர் 102 எடுத்தார், விசுவநாத் 95. நம் மொத்தம் 406. பிறகு கடைசி இன்னிங்ஸில் ஹோல்டர் 39 ரன்னுக்கு ஆறு பேரை வீழ்த்தினார். 201 ரன்னில் தோற்றோம். மூன்றுக்கு இரண்டு, எழுதி வைத்தபடியே, பக்கம்தான் மாறிவிட்டது. பட்டோடி அதோடு டெஸ்ட் ஆட்டத்துக்கு வணக்கம் சொன்னார்.

தில்லியில் தோற்றபோது இருந்த கோபம் பம்பாயில் தோற்றபோது இல்லை. ரேடியோவை உடைக்கிறேன் என்று எவரும் கிளம்பவில்லை. 1971 தற்செயல் அல்ல என்று ரசிகனுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கு வேண்டியிருந்தது அதுதான். மற்றபடி தொடரைத் தோற்றது தோற்றதுதான், அதை வெற்றி என்று வேஷம் போட்டுக் காட்டுகிற தார்மீக வெற்றிக்காரர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. விசுவநாத் ஐந்து பந்தயங்களில் 568 ரன் எடுத்திருந்தார்.

பதினைந்து மாதம் கழித்து, 1976 ஏப்ரலில், நம் கட்சி மேற்கிந்தியத் தீவுகளில் ஆடிக்கொண்டிருந்தது. பார்படோஸில் தோற்று, ஒன்றுக்கு சைபர் என்று மறுபடியும் பின்தங்கியிருந்தது. டிரினிடாடில் மூன்றாவது டெஸ்ட். அதே லாயிட், நாலாவது இன்னிங்ஸில் 403 எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். கடைசி இன்னிங்ஸில் நானூறைத் தாண்டி ஜெயித்தவர்கள் அதுவரை 1948-ல் பிராட்மனின் கட்சி மட்டுமே. அங்கே பகல் என்றால் மதுரையில் இரவு. கவாஸ்கர் 102 எடுத்துவிட்டுப் போய்விட்டார் என்று தெரிந்ததும், பாதித் தூக்கத்தில் எழுந்து வந்த ஆள் கேட்ட கேள்வி பழைய கேள்விதான்.

"விசுவநாத் இருக்காராண்ணே?"

இருந்தார். 112 எடுத்து ரன் அவுட் ஆனார். நாலு விக்கெட்டுக்கு 406.